போனில் தலையாட்டியவள்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குப் பாதிப் பேச்சு போனை வைத்த பிறகுதான் வரும். அது உனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துபோயிற்று. எதையாவது உடைத்துவிட்டால் வந்து சொல்லிவிட்டு உடனே வெளியே ஓடிவிடுவாய். திட்டுவதற்கு நான் வார்த்தை தேடி எடுப்பதற்குள் தெருமுனையைத் தாண்டியிருப்பாய். கடிதத்தை விட்டு அப்படி ஓட முடியாது. உட்கார்ந்து, டீ வாங்கி வைத்துக்கொண்டு, முழுசாகப் படி.

"அந்தப் பொண்ணு சரிப்படாதும்மா" என்று ஆரம்பித்தாய். உன் ஆபீசில் உதவியாளராகச் சேர்ந்திருக்கிற சுகந்தியைத்தான் சொன்னாய். டைப்பிங் சுத்தம், நேரத்துக்கு வருகிறாள், ஃபைல் கேட்டால் உடனே எடுத்து வைக்கிறாள் என்று நீயே சொன்னாய். "ஆனா வாயே தொறக்க மாட்டேங்கறா. நான் சொல்றத கேட்டுக்கினு கம்முனு நிக்கறா. புரிஞ்சுதா இல்லையான்னே தெரியல. போன் வந்தா பக்கத்து சீட்ல குடுத்துடறா. பழகிப் பாக்கற காலம் இந்த மாசத்தோட முடியுது, வேற ஆள் பாத்துக்கலாம்னு இருக்கேன்." எந்த ஊர்ப் பெண் என்று கேட்டேன். கலசப்பாக்கம் பக்கம் என்று நினைக்கிறேன் என்றாய். "வீட்ல இன்னா தொழில் பண்றாங்க?" என்றேன். "அதெல்லாம் எனக்கு எப்டிம்மா தெரியும்?" என்றாய். "அப்ப அனுப்பிடறதுன்னு முடிவே பண்ணிட்டியா?" என்றதற்கு மட்டும் நீ ஒன்றும் சொல்லவில்லை. லைன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. அப்புறம் வாசலில் யாரோ வந்திருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாய். அந்தச் சும்மா இருந்த நேரத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் நான் வேலைக்குப் போன கதையை நீ கேட்டாக வேண்டும். பட்டுக்கடை ஆபீசில் அம்மா வேலை பார்த்தாள் என்பது உனக்குத் தெரியும். அந்த வேலை என் கையை விட்டுப் போகப் பார்த்தது தெரியாது.

நான் ஒன்பதாவதோடு நின்றதற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. எங்கள் வீட்டில் கோர்வைத் தறி. சேலையின் உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். அப்பா ஒரு பக்கம் உட்கார்ந்து, ஊடை நூல் வைத்த நாடாக்கட்டையைக் குறுக்கே எறிவார். அந்தப் பக்கத்துக் கரைக்கு நாடா எறிய இன்னொரு ஆள் பக்கத்தில் உட்கார வேண்டும். அந்த ஆள் நான். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் நோட்டில் எழுதி நீட்டுவேன். தறியில் யாரும் என்னை எழுந்து நிற்கச் சொல்லவில்லை. படிப்பைச் சந்தோஷமாகத்தான் விட்டேன் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

நம் தெருவின் சத்தத்தை நீ கேட்டிருக்கிறாய், ஆனால் அதற்குள் வளரவில்லை. எங்கள் வீட்டில் கைத்தறி. சுவருக்கு அந்தப் பக்கம் பவர்லூம். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரை தடதடவென்று ஓடும். அதில் பேச்சு எடுபடாது. அதனால் எங்கள் வீட்டில் எல்லாம் கை ஜாடைதான். முஷ்டியை உயர்த்தினால் தறியை நிறுத்து என்று அர்த்தம். உள்ளங்கையைப் புரட்டிக் காட்டினால் நெய்ததைப் பின்னால் சுற்று. இரண்டு விரலை முறுக்கினால் இழை அறுந்திருக்கிறது. சொன்னது புரிந்ததா என்றால் தலையாட்ட வேண்டும். அம்மா அடுப்படியிலிருந்து ஒரு பார்வை பார்த்தாலே இன்றைக்குக் குழம்பா ரசமா என்று தெரிந்துவிடும். ஜாடையில் முடியாத விஷயம் என்றால் கத்துவோம். கத்துவது என்றால் பவர்லூமைத் தாண்டிக் கத்துவது. இரண்டுக்கும் நடுவில், மெதுவாக, நிதானமாகப் பேசுகிற ஒரு குரல் மனிதர்களுக்கு உண்டு என்பதே எனக்கு வெளியே போன பிறகுதான் தெரிந்தது.

வெளியே அனுப்பியது அம்மா. "கரைக்கு வேற ஆள் வெச்சிக்கலாம். இவ நாலு மனுசங்க மூஞ்சிய பாக்கட்டும்" என்றாள். அப்பா தலையாட்டினார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துவிட்டார்கள். அது எனக்குப் பிடித்துப்போனது. அங்கேயும் ஒரே சத்தம், யாரும் பேச வேண்டியதில்லை. பழக்க தோஷத்தில் கால் மட்டும் மேசைக்கு அடியில் தறி மிதித்துக்கொண்டே இருக்கும். மெஷின் ஆடும். "யாரும்மா அங்க டைப்ரைட்டர ஓட்டிக்கினு போறது?" என்று மாஸ்டர் கேட்பார். வரிசையே சிரிக்கும். தமிழும் இங்கிலீஷும் அடிக்கப் பழகினேன். பெரிய மெயின் ரோட்டில் ஒரு பட்டு ஜவுளிக்காரருக்கு ஆபீசில் ஆள் வேண்டும் என்று தெரிந்து, அப்பா கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

முதலாளி நல்ல மனிதர். எதற்கெடுத்தாலும் "பேஜாருப்பா" என்பார். மழை வந்தாலும் பேஜார், வராவிட்டாலும் பேஜார். உள்ளே பெரிய கூடத்தில் பாய் விரித்து, நெசவாளிகள் கொண்டுவரும் சேலையைப் பிரித்துப் பார்ப்பது அவர் வேலை. வெளி அறை எனக்கு. ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, அதன் மேல் டைப்ரைட்டர், பக்கத்தில் கறுப்புப் போன். மேசையில் ஒரு இழுப்பறை இருந்தது. அது பூட்டியிருந்தது. சாவி முதலாளியின் கொத்தில் தொங்கியது. எங்கள் வீட்டில் எனக்கென்று ஒரு ஆணி கூடக் கிடையாது, பாவாடையைத் தங்கச்சியின் ஆணியில்தான் மாட்டுவேன். அந்த இழுப்பறையைப் பார்த்ததும் என் மனசு அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு முதலாளி சொன்னார்: "ஆடி வரைக்கும் பாப்போம். ஆவணி பொறந்தா கல்யாண ஆர்டருக்கு போன் ஓயாது. அதுக்குள்ள நீ சரிப்பட்டா சாவி உனுக்கு. இல்லன்னா மனசுல வெச்சிக்காத, வேற ஆள் பாத்துக்கறேன்." சரிப்படாவிட்டால் தறிக்கே வந்துவிடு என்று அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அந்த அன்பு வேண்டியிருக்கவில்லை, இழுப்பறைதான் வேண்டியிருந்தது.

லெட்டர் அடிப்பது, டெலிவரி சலான் போடுவது, கடைவாரியாக ஃபைல் கட்டுவது எல்லாம் வந்துவிட்டது. போன் அடித்தாலும் எடுத்துவிடுவேன், அதில் எனக்குப் பயமே இல்லை. பெங்களூர்க் கடைக்காரர் அந்தப் பக்கத்திலிருந்து, "மயில் கழுத்துக் கலர் அஞ்சு சேர்த்துப் போடுங்க" என்பார். எனக்குப் புரியும். புரிந்தது என்று தலையாட்டுவேன். அவர் "ஹலோ, ஹலோ" என்பார். இன்னும் அழுத்தமாகத் தலையாட்டுவேன். பிறகு வைத்துவிட்டு, சேதியைச் சுத்தமாக ஒரு சீட்டில் எழுதி முதலாளியின் கணக்குப் பெட்டி மேல் வைத்துவிடுவேன். என் கணக்கில் வேலை ஒழுங்காக முடிந்தது.

அந்தப் பக்கம் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார். யாரோ எடுக்கிறார்கள். காற்று மட்டும் வருகிறது. கட் ஆகிறது. ஆனால் யாருமே பேசாத போனில் சொன்ன மயில் கழுத்துக் கலர் அடுத்த லாரியில் சரியாக வந்து இறங்குகிறது. பெங்களூர்க்காரர் மிரண்டுவிட்டார். முதலாளியை வீட்டு நம்பரில் பிடித்து, "உங்க ஆபீஸ் போன்ல என்னமோ இருக்கு சாமி" என்றிருக்கிறார். நம் பேச்சு அந்தப் பக்கம் போகவில்லை என்று முதலாளி எக்ஸ்சேஞ்சில் புகார் கொடுத்தார். லைன்மேன் வந்தார், கம்பத்தில் ஏறினார், அங்கிருந்தே எங்கள் நம்பருக்குப் போட்டார். நான் எடுத்தேன். "டெஸ்டிங், கேக்குதா?" என்றார். கேட்கிறது என்று தலையாட்டினேன். அவர் இறங்கி வந்து முதலாளியைத் தனியாகக் கூப்பிட்டு, "பெல் அடிக்குது, எடுக்குது, மூச்சு கூட வருது முதலாளி. எனுக்குத் தெரிஞ்ச ரிப்பேர் இல்ல இது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் முதலாளி போனுக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் சுற்றினார். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். பேய் பிடித்த போனில் வேலை பார்க்கிறோமே என்று எனக்கே கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

குட்டு உடைந்தது மும்தாஜால். எங்கள் ஆபீசுக்கு நேர் எதிர்ப்பக்கம் பார்சல் ஆபீஸ். அங்கே புக்கிங் எழுதுகிறவள் அவள், பார்சல் ஆபீஸ் முதலாளியம்மாவின் தங்கை மகள், என் வயசுதான். உனக்கு அவளை மும்தாஜ் ஆன்ட்டியாகத் தெரியும். அப்போது ஒல்லியாக, இரண்டு பின்னலோடு இருப்பாள், வாய் மட்டும் அன்றைக்கும் இதே வாய்தான். ஒரு நாள் லாரி எப்போது கிளம்புகிறது என்று சொல்ல எனக்குப் போன் போட்டாள். அவள் மேசையும் ஜன்னலோரம், என் மேசையும் ஜன்னலோரம். சொல்லிவிட்டு "சரியா?" என்று கேட்டபடி தலையைத் தூக்கியிருக்கிறாள். தெருவுக்கு இந்தப் பக்கம் நான் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு பலமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அவள் சிரித்த சிரிப்பு போனிலும் கேட்டது, தெருவிலும் கேட்டது. வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"அடியேய், நீதானா அந்தப் பேயி? இன்னாடி இது, பூம்பூம் மாடு மாதிரி! நீ தலைய ஆட்றது கம்பிக்குள்ள போயி பெங்களூர்ல தெரியுமா?"

அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. முகம் சிவந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். முதலாளிக்குத் தெரிந்தால் சாவி போச்சு. அதைத்தான் முதலில் நினைத்தேன். மும்தாஜ் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சொல்ல மாட்டேன். ஆனா ஏன்டி வாய தொறக்கல?" இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. யோசித்து யோசித்து, "வீட்ல தறி ஓடும். கேக்காது. அதனால ஆட்டுவோம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "சரி, அப்ப இங்க தறி ஓடலன்னு உன் தலைக்குச் சொல்லணும், அவ்ளோதானே" என்றாள்.

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் பயிற்சி. முதலாளி வீட்டுக்குச் சாப்பிடப் போனதும் அவள் போன் போடுவாள். என்னைப் பார்க்க முடியாதபடி ஜன்னலில் கோணி தொங்கவிட்டுக்கொள்வாள். நான் பேசாவிட்டால், "ஆட்டறியா? நீ ஆட்டறது எனுக்குத் தெரியும்" என்பாள். முதல் நாள் ஒரு வழியாக வாயைத் திறந்தேன். திறந்தால், எனக்குத் தெரிந்தது தறியைத் தாண்டிக் கத்துகிற குரல் ஒன்றுதானே. "ஹலோ!" என்றேன். எதிர்ப்பக்கம் பார்சல் ஆபீசில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த ஏழுமலை அண்ணன் மூட்டையைக் கீழே போட்டுவிட்டார். "இதுக்குப் போன் எதுக்குடி, நேராவே பெங்களூருக்குக் கேக்கும்" என்றாள் மும்தாஜ். ஏழுமலை அண்ணன் சந்தவாசல் பக்கம். லோடு தூக்க வருவதற்கு முன்னால் சில வருஷம் தறியில் உட்கார்ந்தவர். எங்கள் ஆபீசுக்குப் பார்சல் எடுக்க வரும்போது நானும் அவரும் வாய் திறந்ததே கிடையாது. எது போகிறது, எது நிற்கிறது எல்லாம் விரலில்தான். அந்தத் தெருவிலேயே என்னோடு சரளமாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான் என்று வைத்துக்கொள்.

நடுக்குரல் வருவதற்கு நாளாயிற்று. மும்தாஜ் ஒரு வழி கண்டுபிடித்தாள். போன் எடுத்ததும் ஆபீஸ் பேரைச் சொல்லு, அது உன் பேச்சு இல்லை, அதனால் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றாள். அப்புறம் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லு, அதுவும் உன் பேச்சு இல்லை. எழுதிக்கொண்டேன் என்று சொல்லு, வை. சொந்தமாக ஒரு வார்த்தை கூட நீ பேச வேண்டாம் என்றாள். கண்ணு, இன்றைக்கு எந்தப் பயிற்சி வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தாலும் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். உன் ஆபீசில் சுவரில் கூட ஒட்டியிருப்பதாக நீ சொன்னாய். அதைப் பார்சல் ஆபீசில் கோணிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவளாகவே கண்டுபிடித்தாள். எனக்கு அதில் இன்றைக்கும் பெருமை. ஆனாலும் பயிற்சியில் வந்த குரல், நிஜ போன் அடித்தால் பாதி நாள் வராது. முதலில் தலை ஆடிவிடும், அப்புறம்தான் குரல். முதலாளி உள்ளேயிருந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பது தெரியும். எலுமிச்சம்பழத்தால் போன் கொஞ்சம் தேவலை என்று அவர் நினைத்தார். என் மேல் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "ஆடி முடியுதும்மா" என்று ஒரு நாள் காலண்டரைப் பார்த்தபடி சொன்னார்.

ஆடியின் கடைசி வெள்ளி. தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள். கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டு, அதோடு பம்பை, உடுக்கை. முதலாளி கோயிலுக்குப் போயிருந்தார். எதிரே பெங்களூர் லாரி இன்ஜினைப் போட்டு உறுமிக்கொண்டு நின்றது. போன் அடித்தது. எடுத்து ஆபீஸ் பேரைச் சொன்னேன். பெங்களூர்க்காரர். என் குரல் வந்ததும், "நிஜமாவே ஆபீஸ்தானா?" என்று ஒரு தரம் கேட்டுக்கொண்டார். அப்புறம் படபடவென்று கொட்டினார். "அம்மா, அந்தக் கல்யாணச் சேலைங்க இன்னைக்கு ஏத்தறீங்கல்ல? வேணாம், பெங்களூருக்கு ஏத்தாதீங்க. பொண்ணு வீடு வேலூர்ல. அவங்க வீட்லயே கொண்டுபோய்ச் சேர்த்துடுங்க. இங்க வந்துட்டா முகூர்த்தத்துக்குள்ள திரும்பிப் போகாது. லாரி நிக்குதா, போயிடுச்சா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எங்கள் மஞ்சள் துணி தைத்த பார்சல் லாரியில் மேலாக இருந்தது. டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஏழுமலை அண்ணன் பின்கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். மும்தாஜ் இடத்தில் இல்லை, கூழ் வாங்கப் போயிருந்தாள். கத்தினேன். பவர்லூமைத் தாண்டுகிற என் குரல் குழாய் ஸ்பீக்கரைத் தாண்டவில்லை. போனை வைத்துவிட்டு ஓடலாம் என்றால், யாரிடம் சேர்க்க வேண்டும் என்று அவர் வேலூர் அட்ரஸ் சொல்லிக்கொண்டிருந்தார். கட் ஆனால் மறுபடி லைன் கிடைக்க எவ்வளவு நேரம் ஆகுமோ. லாரி அசைந்தது.

அப்போது என் கை தானாக மேலே போயிற்று. ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி, முஷ்டியை உயர்த்தினேன். ஏழுமலை அண்ணனின் தலை சடக்கென்று திரும்பியது. தறியில் உட்கார்ந்தவன் கண்ணுக்கு உயர்ந்த முஷ்டி எவ்வளவு கூட்டத்திலும் தெரியும். லாரியின் பக்கத்தைத் தட்டி நிறுத்தினார். மஞ்சள் பார்சலைக் காட்டினேன், உள்ளங்கையைப் புரட்டினேன்: பின்னால் சுற்று. அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் மேலே ஏறி, பார்சலை இறக்கித் தோளில் போட்டார். இத்தனைக்கும் நடுவில் என் வாய் பெங்களூரோடு பேசிக்கொண்டிருந்தது. "எழுதிக்கறேங்க. வேலூர், சரிங்க. வீட்டுக்காரர் பேர் திரும்பச் சொல்லுங்க. சரிங்க. பார்சல் இறக்கியாச்சுங்க. இப்பவே வேலூர் பஸ்ஸுக்கு ஆள் அனுப்பறேங்க." அவ்வளவும் நடுக்குரலில். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், நெற்றியில் குங்குமத்தோடும் கையில் கூழ்ச் சொம்போடும் முதலாளி வாசல்படியில் நிற்கிறார்.

எவ்வளவு நேரமாக நின்றாரோ. சொம்பை மேசை மேல் வைத்தார். "இன்னாம்மா நீ, வாய் பெங்களூர்ல கீது, கை தெருவுல கீது" என்றார். அப்புறம் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, சின்னதாக ஒன்றைப் பிரிக்கப் பார்த்தார். வளையம் இறுகிப்போயிருந்தது, நகம் உடைந்தது. "பேஜாருப்பா!" என்று கொத்தோடு என் மேசை மேல் போட்டார். "நீயே கழட்டிக்க." இழுப்பறையைத் திறந்தால் உள்ளே ஒரு பழைய காலண்டரும் காய்ந்த எலுமிச்சம்பழமும் இருந்தன. அந்த இழுப்பறை போல ஒரு சொத்து எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

அந்த மேசையில்தான் நீ வீட்டுப்பாடம் எழுதிப் பழகினாய். கல்யாணம் ஆகி, நீ பிறந்து, நான் திரும்பவும் அதே நாற்காலிக்குப் போனேன். நீ ஆறாவதோ ஏழாவதோ படித்தபோது ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. டைப்ரைட்டர் போய்விட்டது, கீபோர்டு பழக்கம்தான், அதில் எனக்குக் கஷ்டமில்லை. மவுஸ்தான் கஷ்டம். கையில் பிடித்தால் என் கைக்கு அது நாடா. நாடாவை என்ன செய்வோம்? எறிவோம். ஒரு தள்ளு தள்ளுவேன், அது மேசை விளிம்பைத் தாண்டி ஒயரில் தொங்கும். சொல்லித்தர வந்த கம்ப்யூட்டர்காரப் பையன் இரண்டு நாள் தலையில் அடித்துக்கொண்டான். "உங்களுக்கு இது வராது மேடம், வேற யாராவது கத்துக்கட்டும்" என்று முதலாளியிடம் சொன்னான். சாயந்திரம் நீ ஸ்கூல் பையோடு வந்து பார்த்துக்கொண்டே நின்றாய். முதலில் சிரித்தாய். அப்புறம் பக்கத்தில் வந்து, "ஏம்மா இப்டி தள்ற?" என்று கேட்டாய். நாடா எறிகிற மாதிரி கை போகிறது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு என் கை மேல் உன் கையை வைத்து, "அப்ப எறியாத. ஊடை மேல கைய வெச்சி நீவுவ இல்ல, இழை கெட்டியா உக்காந்திருக்கான்னு? அப்டி நீவு" என்றாய். நீ தறியில் உட்கார்ந்ததே இல்லை. தாத்தா வீட்டில் வேடிக்கை பார்த்ததை வைத்துச் சொன்னாய். திரையில் அம்புக்குறி நேராகப் போய் நின்றது. அன்றைக்கு முதலாளியிடம் கம்ப்யூட்டர்காரப் பையன் சொன்ன வார்த்தைக்கு ஒரே பதில்தான். அடுத்த நாள் பில்லை அடித்து அவன் கையில் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இதைச் சொல்லிக்காட்டவில்லை கண்ணு. ஒன்று கேட்பதற்காக ஞாபகப்படுத்துகிறேன். மும்தாஜ் என்னிடம் கேட்டதும் நீ என்னிடம் கேட்டதும் ஒரே கேள்வி. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று, திட்டாமல், பதில் வருகிற வரை நின்று கேட்டீர்கள். மாஸ்டரும் கேட்கவில்லை, லைன்மேனும் கேட்கவில்லை, கற்பூரம் சுற்றிய முதலாளியும் கேட்கவில்லை. சுகந்தி பேசாமல் நிற்பதற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியாது. அவள் வீட்டில் தறி இருக்காது, வேறு ஏதாவது இருக்கும். வயதான, காது கேட்காத யாராவது இருக்கலாம். ரைஸ் மில்லுக்குப் பக்கத்தில் வளர்ந்திருக்கலாம். இதுவரை வாயைத் திறந்த இடத்தில் எல்லாம் யாராவது சிரித்திருக்கலாம். எதுவுமே இல்லாமல், நீ மீசையும் டையுமாக நிற்பதைப் பார்த்தே நாக்கு ஒட்டிக்கொள்ளலாம். எனக்கே சில சமயம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் புரியாமல் நிற்கிறாள் என்று மட்டும் நினைக்காதே. நீ சொன்ன ஃபைல் சரியாக வந்து நிற்கிறதா இல்லையா? புரியாதவள் கையில் அது எப்படி வரும்? அந்தப் பெங்களூர்க்காரர் மாதிரி நீயும் ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருக்கிறாய், உன் மயில் கழுத்துக் கலர் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருக்கிறது.

அவளிடம் கேள். எல்லார் எதிரிலும் வேண்டாம், அறைக்குக் கூப்பிட்டு நிற்க வைத்தும் வேண்டாம். அவள் மேசைக்கு நீ போய், ஊர் எது, வீட்டில் என்ன வேலை என்று கேள். பதில் வர நேரமாகும். வாட்சைப் பார்க்காதே. அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் தினமும் ஒரு போன் போட்டுப் பழகச் சொல்லு. உன் ஆபீசில் வாய் ஓயாத பெண் ஒருத்தி கட்டாயம் இருப்பாள், அவளைக் கூட்டு சேர்த்துவிடு. ஆள் இல்லை என்றால் மும்தாஜ் நம்பர் என்னிடம் இருக்கிறது. இப்போதும் கோணி கட்டிக்கொள்ளத் தயாராக இருக்கிறாள், கேட்டுவிட்டேன். இதெல்லாம் செய்தும் அந்த வேலை அவளுக்குப் பிடிக்கவில்லை என்று அவளே சொன்னால் அப்போது அனுப்பு. அவள் வாயால் சொல்ல வேண்டும். நீயாக அவளுக்குப் பதிலாகப் பேசிவிடாதே.

இனி, அந்தச் சும்மா இருந்த நேரம். நீ குழந்தையிலிருந்தே அப்படித்தான். ஹாஸ்டலிலிருந்து பேசும்போது, சாப்பிட்டியா என்பேன், சத்தம் இருக்காது. மார்க் வந்துச்சா என்பேன், சத்தம் இருக்காது. உன் அப்பா லைன் போய்விட்டது என்று ரிசீவரைத் தட்டுவார். நான்தான் அவர் கையைப் பிடிப்பேன். லைன் போகவில்லை, பையன் தலையாட்டுகிறான், தறிக்காரி வீட்டுப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமையும் முடிவு பண்ணிட்டியா என்று கேட்டபோது நீ தலைதான் ஆட்டினாய். ஆனால் மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்றுதான் எனக்குப் பிடிபடவில்லை. அதற்குத்தான் இவ்வளவு எழுத வேண்டியதாயிற்று.

இந்த ஞாயிறு நானே போன் பண்ணுகிறேன். ஹலோ வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சுகந்தி இருக்காளா என்று ஒன்று மட்டும் கேட்பேன். நீ பேசாவிட்டால் பரவாயில்லை. நன்றாகத் தலையை ஆட்டு, எனக்குக் கேட்கும்.

அம்மா